‘மைக் ஸ்டாண்டு – 4 எண்ணம்’ என்று எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழா, கிராமசபைக் கூட்டம், கும்பாபிஷேகம் என்று நம் பக்கத்து நிகழ்ச்சிகளின் படங்கள் நாளிதழ்களில் வரும்போது, பேசுகிறவரை விட்டுவிட்டு அவர் முன்னால் நிற்கும் மைக் ஸ்டாண்டைப் பாருங்கள். முக்காலியின் ஒரு காலில் செங்கல் ஏறியிருக்கும். கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். சில படங்களில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஸ்டாண்டைப் பிடித்தபடியே நிற்பார். படம் பார்ப்பவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆம்பிளிஃபயர், மிக்சர், பாக்ஸ் எல்லாவற்றுக்கும் வாட்ஸ், சேனல், கம்பெனி பெயர் வரை விசாரித்து வாங்குகிறவர்கள், பட்டியலின் கடைசி வரியில் ‘மைக் ஸ்டாண்டு – 4 எண்ணம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மூன்று கொட்டேஷன் வரும், விலை குறைந்தது எடுபடும். எடை, உலோகம், மரை (திருகுப் புரி) எதையுமே எழுதாதபோது கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் அது ஆர்டர்படி சரியான சரக்குதான். அவரைக் குறை சொல்ல வழியில்லை. மதுரை சுற்றுவட்டாரத்தில் மைக் செட் தொழிலில் இருக்கிற நாங்கள், பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம்.

பூம், அதாவது மைக்கை முன்னே நீட்டிப் பிடிக்கும் குறுக்குத் தண்டு, வைத்த முக்காலி ஸ்டாண்டு ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. படத்தில் பார்த்தால் அதற்கும் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ளதற்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடெல்லாம் மூன்று மூட்டுகளில் இருக்கிறது: கால்கள் வந்து சேரும் இடம், உயரத்தை இறுக்கும் கிளட்ச், பூம் திரும்பும் முட்டி. இந்த மூன்றும் பிளாஸ்டிக்கில் வார்த்து ரிவிட் அடித்ததாக இருந்தால், ஒன்று போனாலும் முழு ஸ்டாண்டும் பழைய இரும்புக்கடைக்குத்தான். உலோக வார்ப்பாக, போல்ட்டு நட்டு போட்டதாக இருந்தால், ஸ்பானர் வைத்திருக்கிற யாரும் சரிசெய்துவிடலாம். கடையில் நாம் பார்க்க வேண்டியது இதைத்தான். பெயிண்டின் பளபளப்பு எதையும் சொல்லாது.

கால்கள் சேரும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். ஸ்டாண்டைக் கவிழ்த்துப் பிடித்தால், மூன்று கால்களும் ஒரு வார்ப்பில் மாட்டியிருப்பது தெரியும். கால் மடங்கும் அச்சில் ரிவிட் இருக்கிறதா, நட்டு இருக்கிறதா? நட்டு என்றால் அதற்குள் நைலான் வளையம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியில் போகிற குலுக்கலிலேயே கழன்று விழுந்துவிடும். பிறகு கால்களை முழுதாக விரித்து நிறுத்தி, குழாயின் உச்சியைப் பிடித்து இடமும் வலமும் லேசாகத் திருகிப் பாருங்கள். புதிய ஸ்டாண்டிலேயே அடியில் ‘கடக் கடக்’ என்று ஆட்டம் கொடுத்தால் அந்த வார்ப்பு ஒரு திருவிழா சீசனைத் தாண்டாது. பிளாஸ்டிக் வார்ப்பில் விரிசல் விழுந்த பிறகு எம்-சீல், ஃபெவிகுயிக் எதுவும் நிற்காது. கால் பாரம் முழுக்க அந்த விரிசலைப் பிளக்கிற திசையில்தான் இறங்குகிறது.

முக்காலி என்றால் கீழே விழாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. கால் நீளம் 30 செ.மீ. என்றால், ஒரு காலின் திசையில் அது 30 செ.மீ. தாங்கும், இரண்டு கால்களுக்கு நடுவிலோ 15 செ.மீ. மட்டும்தான். இப்போது 2.1 கிலோ ஸ்டாண்டில் 400 கிராம் பூம் ராடை 75 செ.மீ. முன்னே நீட்டி, நுனியில் 300 கிராம் மைக்கை மாட்டுவோம். ஷ்யூர் எஸ்எம்58 மைக்கின் எடை 298 கிராம், அதனால் இது நடப்புக் கணக்குதான். பூமைக் காலின் நேர் மேலே நீட்டினால், கவிழ்க்கிற பாரத்தைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பிடிமானம் இருக்கும். அதே பூமை இரண்டு கால்களுக்கு நடுவே நீட்டினால் இரண்டும் ஏறத்தாழ சரிக்குச் சரி. ஒயரை யாராவது காலால் இழுத்தால் போதும், மைக் முகம் குப்புற விழும். பூம் எப்போதும் ஒரு காலின் மேலேயே இருக்க வேண்டும். செலவே இல்லாத இந்த ஒன்றைச் செய்தாலே பாதி செங்கல்களுக்கு வேலை இருக்காது.

பூமின் பின்பக்கம் உள்ள வெயிட்டையும் கையில் தூக்கிப் பாருங்கள். பல மலிவுச் சரக்குகளில் அது வெறும் பிளாஸ்டிக் கூடு. உள்ளே இரும்பு இருக்காது. அலங்காரத்துக்கு மாட்டியிருப்பார்கள்.

பூம் முட்டியில் இரண்டு வகை உண்டு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ரப்பர் அல்லது ஃபைபர் வாஷர் வைத்து உராய்வில் நிற்பது ஒன்று. பற்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்பது மற்றொன்று. பாட்டுக்கும் பேச்சுக்கும் உராய்வு வகையே போதும், நாம் விரும்பிய கோணத்தில் நிறுத்தலாம். அதைக் கெடுப்பது நம் அவசரம்தான். திருகைத் தளர்த்தாமல் பூமைப் பிடித்து அப்படியே கீழே அழுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் வாஷர் தேய்கிறது. நாளாவட்டத்தில் எவ்வளவு இறுக்கினாலும் பூம் தானாகத் தலை குனிகிறது. உடனே குறடு போட்டு இன்னும் இறுக்குகிறோம். கைப்பிடிப் பிளாஸ்டிக்குக்குள் போல்ட்டின் தலை வழுக்கிக்கொள்கிறது. பிடி மட்டும் சுற்றும், போல்ட்டு அசையாது. கடையில் கைப்பிடித் திருகை முழுதாகக் கழற்றிப் பாருங்கள். போல்ட்டின் அறுகோணத் தலை பிளாஸ்டிக்குக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, அல்லது நுனியில் ஒட்டவைத்ததா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கிளட்ச் விஷயம் இதைவிடப் பெரியது. மேடையில் அதிகம் தொல்லை கொடுப்பது இதுதான். உள்குழாயை ஒரு முழம் மேலே இழுத்து, கிளட்ச்சை ஒரு கையால் அரைச் சுற்று இறுக்குங்கள். மேல் நுனியில் இன்னொரு கையை வைத்து உடம்புப் பாரத்தைக் கொஞ்சம் கொடுங்கள். அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு கையாலும் முறுக்கினால்தான் நிற்கிறது என்றால் அந்த ஸ்டாண்டு வேண்டாம். கிளட்ச்சுக்குள் பிளவுபட்ட ஒரு நைலான் அல்லது ரப்பர் வளையம், அதாவது புஷ், இருக்கும். வெளி மூடி கீழே இறங்க இறங்க அது குழாயை நெரித்துப் பிடிக்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பொட்டல் மேடைகளில் காற்றோடு வரும் மணல் குழாயில் படிந்து இந்த புஷ்ஷுக்குள் போய்ச் சேர்கிறது. ஏற்றி இறக்கும்போதெல்லாம் அது உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. புஷ் வழுவழுப்பானதும் மைக் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும். பேச்சாளரும் கூடவே குனிந்துகொண்டே போவார்.

சுலபமாக ஏறி இறங்கட்டும் என்று கிளட்ச்சில் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாது. உராய்வில் நிற்கிற சாமானில் எண்ணெய் பட்டால் பிடிமானம் போனதுதான். உலர்ந்த துணியால் உள்குழாயை முழு நீளத்துக்கும் துடைத்தால் போதும். பிசுக்கு இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். நிகழ்ச்சி நடக்கும்போது கிளட்ச் கைவிட்டால் டேப் சுற்றுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கேஸ் டியூபுக்குப் போடுகிற ஓஸ் கிளாம்ப் கிடைக்கும். உள்குழாயில், கிளட்ச்சை ஒட்டி மேலே அதை மாட்டி ஸ்க்ரூடிரைவரால் முறுக்கிவிட்டால் குழாய் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஸ்டாண்டு பைக்குள் இரண்டு கிளாம்ப் எப்போதும் கிடக்கட்டும்.

கால்களுக்குப் பதில் வட்டத் தட்டில் நிற்கும் வட்ட அடி ஸ்டாண்டுகளில் எடைதான் எல்லாம். 10 அங்குல அகலத்து அடி, 5 கிலோ மொத்த எடை என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் 400 கிராம் அளவுக்குத் தள்ளினாலே சாயத் தொடங்கிவிடும். மொத்த எடை 3 கிலோ என்றால் 250 கிராம் போதும். சால்வை மாட்டும்போது கை படுகிற வேகமே அதற்கு மேல். அதனால் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண். தகரத்திலும் அது ஒட்டும். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மெல்லிய தகடை அழுத்தி, அடியில் சிமெண்டு போன்ற கலவையைப் போட்டு நிரப்பியதும் விற்பனையில் உண்டு. எடை காட்டும், ஆனால் ஒரு முறை விளிம்பில் விழுந்தால் கலவை பொரிந்து உதிர்ந்துவிடும். வார்ப்பிரும்பு அடியே வாங்க வேண்டியது.

அடியில் குழாய் ஏறும் மரையையும் பாருங்கள். நல்ல வார்ப்பில் நடுவில் ஒரு மேடு இருக்கும். மரை அந்த ஆழம் முழுக்க ஓடும். மலிவானதில் தட்டின் கனத்துக்கு மட்டும் நாலைந்து சுற்று மரை இருக்கும். நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் ஸ்டாண்டைச் சாய்த்துப் பிடித்துச் சுழற்றாமல் விடமாட்டார், அதுதானே அழகு! அந்தச் சுழற்றலில் முழு நெம்புதலும் இந்த நாலைந்து சுற்றில்தான் விழுகிறது. மரை தளர்ந்த பிறகு ஆட்ட ஆட்ட இன்னும் தேயும். நாடக மேடைக்கு என்றால் அடியில் லாக் நட் (மரை தளராமல் இறுக்கிப் பிடிக்கும் நட்டு) உள்ளதாகவே வாங்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அதை ஒரு முறை இறுக்கிவிட வேண்டும்.

வட்ட அடியா, முக்காலியா என்பது தரையைப் பொறுத்தது. பலகை மேடை, பள்ளிக்கூட அரங்கு, கல்யாண மண்டபம் என்றால் வட்ட அடி. கால் தடுக்காது, இடமும் அடைக்காது. மண் தரை, மணல், மேடு பள்ளம் என்றால் முக்காலி. சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக் கரையில் போடும் மண்டகப்படிப் பந்தல்களில் வட்ட அடியை மணலில் வைத்தால் ஒரு பக்கம் புதைந்து கோணலாகத்தான் நிற்கும். அங்கே முக்காலியின் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு சிறு பலகைத் துண்டு போடலாம்.

மேல் நுனி மரையில் ஏமாறுகிறவர்கள் நிறைய. நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது 5/8 அங்குலம், அதாவது 16 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. அங்குலத்துக்கு 27 சுற்று. ஐரோப்பியச் சரக்கு, உதாரணமாக ஜெர்மனியின் கோனிக் அண்டு மேயர் ஸ்டாண்டுகள், 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மி.மீ. மைக் கிளிப்போடு வரும் சிறிய திருகு புஷ் (அடாப்டர்) இந்த இரண்டையும் இணைப்பதற்குத்தான். அதைத் தேவையில்லாத உதிரி என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். பித்தளையில் நாலைந்து தனியாகவும் வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக் புஷ் ஒரு தடவை கோணலாக ஏறினால் அதோடு முடிந்தது. மரை போன ஸ்டாண்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘16 மி.மீ. மரை போடுங்கள்’ என்று மட்டும் சொன்னால், 1 மி.மீ. இடைவெளியில் போட்டுத் தந்துவிடக்கூடும். இதன் இடைவெளி 0.94 மி.மீ. கிளிப் சில சுற்று ஏறும், பிறகு இறுகிக்கொண்டு ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அங்குலத்துக்கு 27 என்று சொல்லி, ஒரு நல்ல கிளிப்பையும் மாதிரிக்குக் கொடுக்க வேண்டும்.

பள்ளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாதாரண நேர் ஸ்டாண்டு கிட்டத்தட்ட மூன்று அடிக்குக் கீழே இறங்காது. எல்கேஜி, யுகேஜிப் பிள்ளைகள் திருக்குறள் சொல்ல வரும்போது டீச்சர் இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்வதும், ஸ்டாண்டைச் சாய்த்துப் பிடிப்பதும் இதனால்தான். வாங்குகிற நான்கில் ஒன்று குட்டை ஸ்டாண்டாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் நின்றபடியே பேசலாம். அதே குட்டை ஸ்டாண்டு மிருதங்கம், தவில், ஆர்மோனியத்துக்கும் உதவும்.

கால் ரப்பர் தொலைந்தால் உடனே வாங்கிப் போட வேண்டும். அது தரை கீறாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. ரப்பர் இல்லாவிட்டால் பலகை மேடையில் யார் நடந்தாலும் ‘தொம் தொம்’ என்று மைக்குக்குள் ஏறிவிடும். மருந்துக் கடையில் ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் குப்பி கிடைக்கிறது. காலின் விட்டத்தை அளந்து, ஒரு மி.மீ. குறைவாக வாங்கினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேல் சத்தம் இருந்தால் மிக்சரில் அந்தச் சேனலின் லோ கட் பொத்தானை (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது) போடலாம். பேச்சுக்கு அதனால் ஒன்றும் குறையாது. பட்டிமன்ற மேசைகளில் வைக்கும் வளைகழுத்து மைக்குகளுக்கும் இதே நோய்தான். நடுவர் மேசையைத் தட்டத்தான் செய்வார். தட்டை மேசையில் நேராகத் திருகாமல் அடியில் ரப்பர் ஷீட் ஒன்று வெட்டிப் போட்டுத் திருகுங்கள்.

ஸ்டாண்டின் உறுதியோடு சம்பந்தமில்லாவிட்டாலும் விட முடியாதது ஒன்று. பந்தலில் சீரியல் செட் ஒயரை மைக் ஸ்டாண்டில் சுற்றிக் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறது. ஸ்டாண்டும் இரும்பு, மைக்கின் உடம்பும் உலோகம்; தரையோ மழையில் நனைந்த மண். ஒயரில் ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தால் போதும். ஜெனரேட்டரிலிருந்து வரும் லைனுக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பிரேக்கரும் இல்லாமல் மேடையில் மைக்கை வைக்கக் கூடாது. பாடுகிறவரின் உதட்டில் ‘சுர்’ என்று அடித்தால் மைக்கைத் துணியால் சுற்றிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. லைனை நிறுத்திவிட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் நீராட்டு முடிந்ததும் நனைந்த ஸ்டாண்டை அப்படியே மடக்கிக் கட்டிவிடுகிறார்கள். குழாயைக் கழற்றித் தலைகீழாக வைத்து நீரை வடித்து, துடைத்து, நிழலில் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். குரோம் பூச்சு வெளியே மின்னினாலும் குழாயின் உட்பக்கம் வெறும் இரும்புதான்; துரு அங்கேயிருந்துதான் வரும். குட்டியானையில் ஏற்றும்போது பூமைத் தனியாகக் கழற்றி, கால்களைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பாக்ஸுக்கு அடியில் போனால் வளைந்த குழாய் ஒன்றுக்குள் ஒன்று இறங்காது. பட்டறையில் தட்டி நிமிர்த்தினாலும் கிளட்ச் மறுபடி சரியாகப் பிடிக்காது.

இனி, கொட்டேஷனில் என்ன எழுதலாம் என்பது. வட்ட அடி ஸ்டாண்டுக்கு இப்படி எழுதலாம்: ‘வார்ப்பிரும்பு அடி, அகலம் 10 அங்குலத்துக்குக் குறையாமல், மொத்த எடை 5 கிலோவுக்குக் குறையாமல், அடியில் லாக் நட், எஃகுக் குழாய், வெளிக்குழாயின் கனம் 1.2 மி.மீ.; உலோக மூடியுள்ள கிளட்ச்; மேல் மரை 5/8 அங்குலம், 27 சுற்று.’ பூம் முக்காலிக்கு: ‘கால் இணைப்பு உலோக வார்ப்பு, ரிவிட் இல்லாமல் போல்ட்டும் நைலான் லாக் நட்டும், பூம் முட்டி உலோகம், பின் வெயிட்டுக்குள் இரும்பு, பூம் தனியாகக் கழற்றக்கூடியது.’ இரண்டுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு வரி: ‘கிளட்ச் புஷ், கைப்பிடித் திருகு, கால் ரப்பர் ஆகியவை தனியாக விலைக்குக் கிடைக்க வேண்டும்.’ ஆறு மலிவு ஸ்டாண்டு வாங்குகிற பணத்தில் இப்படிப்பட்டவை மூன்றுதான் வரும் என்றால் மூன்றே வாங்குங்கள். பெரும்பாலான ஊர் நிகழ்ச்சிகளில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் தேவைப்படுவதில்லை. சரக்கு வந்து இறங்கும்போது தராசும் அளவு டேப்பும் வைத்துச் சரிபார்த்த பிறகே பில்லில் கையெழுத்துப் போட வேண்டும். பில் ஜிஎஸ்டி பில்லாக இருக்கட்டும். மைக்கும் அதன் ஸ்டாண்டும் ஜிஎஸ்டி சரக்குக் குறியீட்டில் 8518 என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்போது துண்டுச் சீட்டு செல்லாது.

டவுன்ஹால் ரோட்டிலும் மற்ற இடங்களிலும் ஆடியோ சாமான் விற்கிற கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. புது ஸ்டாண்டு எத்தனை மாதிரி கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறீர்கள். ஒரு கிளட்ச் புஷ் கேட்டால் ‘அதெல்லாம் தனியா வராதுண்ணே’ என்கிறீர்கள். புஷ், பூம் முட்டி வாஷர், கைப்பிடித் திருகு, பித்தளை அடாப்டர், கால் ரப்பர் இந்த ஐந்தையும் ஒரு டப்பாவில் போட்டுக் கல்லா பக்கத்தில் வைத்தால், மாசி பங்குனியில் தினமும் கேட்டு வருவோம்.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலில் உள்ளவர்கள் சிலர்,
மேலூர் – திருமங்கலம் வட்டாரம், மதுரை மாவட்டம்